நாக்கில் கரையும் இலை வடாம்

திருநின்றவூருக்குப் போய் ரொம்ப நாளாயிற்று. சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் லோக்கலில் ஏறி, ஆவடி தாண்டி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தால் நம்ம ஊர். பழைய ஆசாமிகள் இன்னும் 'தின்னனூர்' என்றுதான் சொல்வார்கள். பெயரிலேயே தின்ன ஏதோ கிடைக்கும் என்கிற நம்பிக்கையைக் கொடுக்கிற ஊர் இது ஒன்றுதான் என்று என் பெரியப்பா அடிக்கடி சொல்வார்.

அந்தப் பெரியப்பாவைப் பார்க்கத்தான் போனேன். போன வருஷம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. கை கால் பாதி திரும்பிவிட்டது. பேச்சும் முக்கால்வாசி வந்துவிட்டது. திரும்பாதது ஒன்றே ஒன்று. விழுங்குகிற வித்தை. நாமெல்லாம் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை யோசிக்காமல் செய்கிற காரியம். அதற்கு வாய், தொண்டை, கழுத்து என்று இருபதுக்கு மேற்பட்ட தசைகள் வரிசைக்கிரமமாக வேலை செய்தாக வேண்டும் என்பது ஒரு நாள் அவை ஸ்டிரைக் செய்யும்போதுதான் தெரிகிறது.

"தின்னனூர்ல இருந்துண்டு தின்ன முடியலை பார்த்தியா!" என்று பெரியம்மாதான் ஜோக்கடித்தாள். சிரித்தது பெரியப்பா மட்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு காட்சி. கூடத்தில் நிழலாகப் பார்த்து வெள்ளைத் துணி விரித்து இலை வடாம் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பத்தடி தள்ளி, பேரன் அறையில், மேஜைமேல் வரிசையாகக் கண்ணாடித் தட்டுகள். அவற்றிலும் ஏதோ மெல்லிசாக, பளபளவென்று, கண்ணாடிக் காகிதம் மாதிரி.

"அது என்ன?" என்றேன்.

"அதுவும் வடாம்தான். அவன் வடாம்" என்றாள் பெரியம்மா, எதிர்க்கட்சித் தலைவரைப் பற்றிப் பேசும் தொனியில்.

பேரன் எம்.ஃபார்ம் படிக்கிறான். (பெண் வயிற்றுப் பேரன். எனக்கு மருமான் முறை.) ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டாக அவன் எடுத்துக்கொண்டிருப்பது, வாயில் வைத்தால் கரைந்துபோகிற மருந்து ஃபிலிம். தண்ணீர் வேண்டாம், மெல்ல வேண்டாம், விழுங்குவதற்கென்று பெரிய முயற்சி வேண்டாம். தபால் தலை அளவில் ஒரு துண்டு. நாக்கில் வைத்தால் அரை நிமிஷம், ஒரு நிமிஷத்துக்குள் காணாமல் போய்விடும். மருந்து வைத்த படங்களைக் கல்லூரி லேபில்தான் செய்கிறான். வீட்டில் நான் பார்த்தது மருந்து போடாத வெறும் படம், எத்தனை நாளில் உடைகிறது என்று வேடிக்கை பார்ப்பதற்காக.

இந்த சப்ஜெக்டை ஏன் எடுத்தான் என்று நான் கேட்கவில்லை. ஏன் என்பது பக்கத்து அறையில் ஈஸிசேரில் உட்கார்ந்திருந்தது.

மாத்திரை யுத்தம்

பெரியப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒன்பது மாத்திரை. ரத்த அழுத்தத்துக்கு, சர்க்கரைக்கு, ரத்தம் உறையாமலிருக்க, கொழுப்புக்கு, இத்தனையும் சாப்பிட்டால் வயிறு எரியுமே, அதற்கு. ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி. கெட்டியான கஞ்சி மெதுவாக வழி கேட்டுக்கொண்டு இறங்கும். தண்ணீர் அவசரக் குடுக்கை, மூச்சுக்குழாயில் நுழைந்துவிடும். அதனால் 'மாத்திரையைப் போட்டு ஒரு மடக்கு தண்ணி' என்கிற சமாச்சாரமே அவர் விஷயத்தில் ஆபத்து.

பெரியம்மா என்ன செய்தாள்? நம் வீட்டுப் பெண்மணிகள் ஆண்டாண்டு காலமாகச் செய்வதைத்தான். எல்லா மாத்திரையையும் சின்னக் கல்வத்தில் போட்டு 'நங்'கென்று நுணுக்கி, பழத்தில் பிசைந்து கொடுத்தாள். பெரியப்பா பாதியைச் சாப்பிட்டு, பாதியைக் கன்னத்தில் ஒதுக்கி, அவள் அந்தண்டை போனதும் துண்டில் துப்புவார். கசப்பு அப்படி.

ஒரு நாள் ராத்திரி அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. பேரன் விரலில் குத்திப் பார்த்தான். சர்க்கரை 58. தண்ணீரில் சர்க்கரை கரைத்துக் கொடுக்கலாமென்றால் தொண்டை அடைக்கும். பெரியம்மா தேனை எடுத்து, குழந்தைக்குத் தடவுகிற மாதிரி, கன்னத்தின் உட்பக்கம் துளித்துளியாகத் தடவிக்கொண்டே இருந்தாளாம். 108 வந்து நரம்பில் குளுகோஸ் ஏற்றிய பிறகுதான் மனுஷர் 'எங்கே இருக்கேன்?' என்றார்.

மறுநாள் டாக்டர் கல்வத்தைப் பற்றி விசாரித்தார். விஷயம் இதுதான். பெரியப்பாவின் சர்க்கரை மாத்திரை, 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும்படி தயாரிக்கப்பட்டது. அதை நுணுக்கினால் ஒரு நாள் சம்பளம் மொத்தமும் காலையிலேயே பட்டுவாடா ஆன மாதிரி. வயிற்று மாத்திரைக்கு மேலே ஒரு பூச்சு உண்டு. இரைப்பை அமிலத்திலிருந்து மருந்தைக் காப்பாற்றிக் குடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக. அதை நுணுக்கினால் மருந்து வழியிலேயே வீணாகிவிடும். ஆக, ஒரு மாத்திரை அளவுக்கு மீறி வேலை செய்தது, இன்னொன்று வேலையே செய்யவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒரே கல்வம்.

வாசகர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று வீட்டு மருந்து டப்பாவைப் பார்க்கவும். அட்டையில் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர்., எம்.ஆர். என்றோ, 'என்டரிக் கோட்டட்' என்றோ ஆங்கிலத்தில் போட்டிருந்தால் அதை உடைக்கவோ நுணுக்கவோ கூடாது. போடாவிட்டாலும் டாக்டரையோ மருந்துக் கடைக்காரரையோ கேட்காமல் நுணுக்க வேண்டாம். விழுங்க முடியவில்லை என்று சொன்னால் சிலவற்றுக்கு சிரப் உண்டு, சிலவற்றுக்குத் தோலில் ஒட்டுகிற பட்டை உண்டு, சிலவற்றுக்குப் பதில் வேறு மருந்தே உண்டு. சொன்னால்தானே தெரியும்? பெரும்பாலானவர்கள் சொல்வதில்லை. வெட்கப்படுகிறார்கள். மாத்திரை விழுங்கத் தெரியாதது எல்.கே.ஜி. சமாச்சாரம் என்று நினைப்பு.

இரண்டு வடாம்

பேரன் தன் வடாம் சமையல் குறிப்பைச் சொன்னான். எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீரில் கரைகிற, காய்ந்தால் படலமாகிற ஒரு பசை. இவன் பயன்படுத்துவது ஹெச்.பி.எம்.சி. மரக்கூழ், பஞ்சு இவற்றிலிருக்கிற செல்லுலோஸைப் பக்குவப்படுத்திச் செய்வது. மாத்திரை மேலே மினுக்குகிற பூச்சில், கண் சொட்டு மருந்தில் எல்லாம் ஏற்கெனவே இருக்கிற ஆசாமிதான். ஜப்பான்காரர்கள் புல்லுலான் என்று ஒன்றை மெச்சுகிறார்கள். மாவுச்சத்துப் பாகில் ஒரு வகைப் பூஞ்சையை வளர்த்து எடுப்பது. படத்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதி இந்தப் பசைதான்.

அடுத்து, காய்ந்ததும் முறியாமல் வளைந்து கொடுக்க, கொஞ்சம் கிளிசரின். எச்சில் ஊற, துளி சிட்ரிக் அமிலம் (எலுமிச்சையில் இருக்கிறதே, அதுதான்). கசப்பை மறைக்க இனிப்பு, புதினா வாசனை. கடைசியாக, எதற்காக இத்தனை ஆர்ப்பாட்டமோ அந்த மருந்து. இவன் எடுத்திருப்பது அம்லோடிபின், 5 மில்லிகிராம். ரத்த அழுத்தத்துக்கு நாட்டில் பாதிப் பேர் வீட்டில் இருக்கும்.

எல்லாவற்றையும் கரைத்து, காற்றுக் குமிழி போகும்வரை வைத்திருந்து, தட்டில் ஊற்றி, மிதமான சூட்டில் உலர்த்தி, உரித்து, சதுரமாக வெட்டினால் முடிந்தது.

கேட்டுக்கொண்டே நின்ற பெரியம்மா, "இதுக்கு எதுக்குடா காலேஜுக்கு ஃபீஸ் கட்டறே?" என்றாள்.

நியாயமான கேள்வி. அவள் கூடத்தில் செய்ததும் அதேதான். அரிசி என்பது மாவுச்சத்து. மாவுச்சத்து என்பதும் படலமாகிற பசைதான். அரைத்து, உப்பு, பெருங்காயம், பச்சைமிளகாய் சேர்த்து, இலையில் மெல்லிசாகத் தடவி, ஆவியில் காட்டி, உரித்து, நிழலில் காயப்போடுகிறாள். வெயிலில் அல்ல, நிழலில். ஏனென்று கேட்டால் 'வெடிச்சுப் போகும்' என்பாள். பேரனுக்கு அதைக் கண்டுபிடிக்க மூன்று மாசம் ஆயிற்றாம்.

முதல் மாசம் அவன் அவசரப்பட்டு அவனில் சூட்டை ஏற்றினான். மேல்பரப்பு முதலில் காய்ந்து தோல் கட்டிக்கொண்டது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் கொப்புளம் கொப்புளமாக எழுந்து, படம் பெரியம்மை வந்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டாம் மாசம் குமிழி. கலக்கும்போது நுரைத்துக்கொண்டது அடங்குவதற்கு முன் ஊற்றிவிட்டான். "மாவை ராத்திரி முழுக்க அப்படியே வெச்சுட்டுக் காத்தால ஊத்துடா" என்றாள் பாட்டி. வைத்தான். குமிழி போயிற்று. மூன்றாம் மாசம் கிளிசரின் தகராறு. குறைத்தால் அப்பளம் மாதிரி முறிந்தது. கூட்டினால் ஈ ஒட்டுகிற காகிதம் மாதிரி கையோடு வந்தது.

படத்தை எப்படிப் பரீட்சை பண்ணுகிறார்கள் தெரியுமா? ஒரே இடத்தில் மடித்து, பிரித்து, மறுபடி மடித்து, உடைகிறவரை எண்ண வேண்டும். முந்நூறு தடவை தாங்கினால் பேஷ். பெரியப்பா ஈஸிசேரில் உட்கார்ந்தபடியே இடது கையால் மடித்து எண்ணிக் கொடுத்தாராம், மருந்து போடாத படங்களை. "நூத்தி எழுபத்தி ரெண்டு... போச்சுடா!" என்பது அவருடைய அந்த மாசத்து நீளமான வாக்கியம். பிஸியோதெரபிஸ்டுக்கு வேலை மிச்சம்.

இதயத்துக்குப் போகும் குறுக்கு வழி

இங்கே ஒரு குறுக்குக் கதை. திருநின்றவூர் என்றால் இரண்டு கோயில். ஒன்று பக்தவத்சலப் பெருமாள். தாயாருக்கு உலகத்திலேயே அழகான பெயர், என்னைப் பெற்ற தாயார். இன்னொன்று இருதயாலீஸ்வரர். பூசலார் நாயனார் கோயில் கட்டக் காசில்லாமல், செங்கல் செங்கல்லாக மனசுக்குள்ளேயே கட்டி, கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ ராஜா நிஜமான கற்கோயிலுக்கு நாள் வைக்க, சிவபெருமான் கனவில் வந்து, 'அன்றைக்கு எனக்குத் திருநின்றவூரில் வேலை இருக்கிறது, உன் தேதியை மாற்று' என்று சொன்னதாகப் பெரிய புராணம். இதயத்தில் கோயில் கட்டியவர் ஊர் என்பதால் இருதய நோயாளிகள் இங்கே வந்து வேண்டிக்கொள்கிறார்கள். அவர்களில் பலபேர் சட்டைப் பையில் ஒரு மாத்திரை இருக்கும். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் கொடுத்தது.

அந்த மாத்திரைக் குடும்பத்தின் மூதாதை நைட்ரோகிளிசரின். ஆமாம், டைனமைட்டில் இருக்கிற அதே வஸ்து. 1847-ல் இத்தாலியில் அஸ்கானியோ சொப்ரேரோ என்பவர் அதைக் கண்டுபிடித்து, அந்தக் கால வழக்கப்படி நாக்கில் வைத்துப் பார்த்தார். தலைவலி மண்டையைப் பிளந்தது. ரத்தக் குழாய்களை விரிக்கிறது என்று அர்த்தம். 1879-ல் லண்டனில் வில்லியம் மரெல் என்கிற டாக்டர் அதை நெஞ்சு வலிக்குக் கொடுத்து எழுதினார். டைனமைட் விற்றே கோடீஸ்வரரான ஆல்ஃபிரட் நோபலுக்கு 1896-ல் இருதயக் கோளாறு வந்தபோது, டாக்டர்கள் எழுதிக் கொடுத்தது இதையேதான்! ஜனங்கள் பயப்படாமலிருக்க வேறு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நண்பருக்குக் கிண்டலாகக் கடிதம் எழுதினார். அந்த டிசம்பரில் காலமானார். இது எப்படி வேலை செய்கிறது என்பது தெரிய நூறு வருஷம் ஆயிற்று. உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடு செய்கிற வேலையைக் கண்டுபிடித்த மூவருக்கு 1998-ல் பரிசு. என்ன பரிசு? நோபல் பரிசுதான்.

அதை ஏன் நாக்குக்கு அடியில் வைக்கிறார்கள்? அங்கே தோல் மெல்லிசு, ரத்தக் குழாய்கள் தாராளம். கண்ணாடியில் நாக்கைத் தூக்கிப் பார்த்தால் நீலமாகத் தெரியும். அங்கே உறிஞ்சப்படுகிற மருந்து கழுத்து வழியாக நேரே இருதயத்துக்குப் போய்விடுகிறது. ஃபாஸ்ட் லோக்கல். விழுங்கினால் வயிறு, குடல் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்று, கடைசியில் கல்லீரல் என்கிற டிக்கெட் பரிசோதகரிடம் மாட்டிக்கொள்ளும். நைட்ரோகிளிசரினைக் கண்டால் அவருக்கு ஆகாது. பெரும் பகுதியை இறக்கிவிட்டுவிடுவார்.

"அப்போ உன் வடாமும் ஃபாஸ்ட் லோக்கலா?" என்று பேரனைக் கேட்டேன்.

"அதான் மாமா எல்லாரும் பண்ற தப்பு" என்றான். "சீக்கிரம் கரையறது வேற, சீக்கிரம் வேலை செய்யறது வேற."

நாக்கின் மேல் கரைகிற ஃபிலிமில் பெரும்பாலானவை எச்சிலோடு கலந்து வயிற்றுக்குத்தான் போகின்றன. அங்கிருந்து வழக்கமான பாசஞ்சர் வண்டி. அம்லோடிபின் நாக்கில் அரை நிமிஷத்தில் கரைந்தாலும், ரத்தத்தில் உச்சத்துக்கு வர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாத்திரைக்கும் அதே கணக்குதான். லாபம் வேகத்தில் இல்லை. விழுங்குகிற கஷ்டம் இல்லாமல் உள்ளே போகிறதே, அதில்தான். சில மருந்துகளைக் கன்னத்திலோ நாக்குக்கு அடியிலோ ஒட்டவைத்து, வாய்த் தோல் வழியாகவே ரத்தத்தில் சேர்க்கிறார்கள். அவை வேறு ஜாதி ஃபிலிம். ஆகவே, விழுங்குகிற மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து 'எனக்கு ஸ்பீடா வேலை செய்யுது சார்' என்று சொல்கிற நண்பர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கவும்.

கசப்பும் காசும்

இந்தச் சமாச்சாரம் உலகத்துக்குப் புதிதல்ல. கசப்புத் தூள் மருந்தை மாவுச்சத்துக் காகிதத்தில் பொட்டலம் கட்டி விழுங்குவது ஜப்பானில் பழைய வழக்கம். நாம் சூரணத்தைத் தேனில் குழைத்தோம். 2001-ல் அமெரிக்காவில் லிஸ்டரின்காரர்கள் வாய் மணக்கிற ஃபிலிமைச் சின்ன டப்பாவில் போட்டு விற்று, ஜனங்களுக்கு நாக்கில் காகிதம் ஒட்டிக்கொள்ளப் பழக்கிவிட்டார்கள். பிறகுதான் மருந்துக் கம்பெனிகளுக்குத் தைரியம் வந்தது. 2010-ல் அங்கே வாந்தியை நிறுத்துகிற ஓன்டான்செட்ரான் ஃபிலிமுக்கு அனுமதி கிடைத்தது. யோசித்தால் ரொம்ப நியாயமான மருந்து. வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிற புற்றுநோயாளியிடம் போய், 'வாந்தி நிற்க இந்த மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குங்கள்' என்பது என்ன வைத்தியம்? 2019-ல், தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து விழுங்கவே முடியாமல் போகிற ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்கு, ரிலுசோல் ஃபிலிம். நம் நாட்டிலும் நாகபுரிக்குப் பக்கத்தில் கல்மேஷ்வரில் இருக்கிற ஜிம் லேபரட்டரீஸ் போன்ற கம்பெனிகள் இந்தத் தொழிலில் இருக்கின்றன.

"அப்புறம் ஏன் தாத்தாவோட ஒன்பது மாத்திரையும் ஃபிலிமா வரலை?"

மூன்று தடை. ஒன்று, இடம். தபால் தலை அளவு காகிதத்தில் சில பத்து மில்லிகிராம் மருந்துக்குத்தான் இடமுண்டு. 5 மில்லிகிராம் அம்லோடிபின் சௌகரியமாக உட்காரும். 500 மில்லிகிராம் சர்க்கரை மருந்தை அதில் ஏற்றுவது, ஸ்கூட்டரில் எட்டுப் பேர் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. இரண்டு, கசப்பு. மாத்திரை நாக்கைத் தொட்டும் தொடாமலும் ஓடிவிடுகிறது. ஃபிலிம் நாக்கிலேயே சம்சாரம் நடத்துகிறது. கசக்கிற மருந்து என்றால் புதினா எல்லாம் எடுபடாது. கசப்பு மூலக்கூறை இன்னொரு மூலக்கூறின் மடியில் ஒளித்துவைக்கிற வேலையெல்லாம் செய்ய வேண்டும். மூன்று, ஈரம். சீக்கிரம் கரைய வேண்டும் என்று செய்த பொருள், பெட்டியில் இருக்கும்போதே காற்றிலிருக்கிற ஈரத்தில் பிசுபிசுக்க ஆரம்பித்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனி அலுமினிய உறையில் அடைக்க வேண்டும். ஒரு ரூபாய் மருந்துக்கு உறைச் செலவு ஒரு பக்கம், வடாம் ஊற்றுகிற மெஷின் செலவு ஒரு பக்கம். மாத்திரை அடிக்கிற மெஷின் ஊர் ஊருக்கு இருக்கிறது. இது அப்படி இல்லை.

ஒண்ணே ஒண்ணு குடேன்

இனி இந்த வாரத்து நிஜமான விஷயம்.

நான் போவதற்கு ஒரு வாரம் முன்பு, பேரனின் ஃபிலிம் முதல் முறையாகச் சரியாக வந்திருக்கிறது, லேபில். குமிழி இல்லை, வெடிப்பு இல்லை. நாற்பது விநாடியில் கரைந்தது. சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து சொன்னான். பெரியம்மா பெருமாளுக்கு விளக்கேற்றிவிட்டு நேரே வந்து கேட்டாள்:

"தாத்தா தினம் சாப்பிடற அதே மருந்துதானே? அதே அஞ்சு மில்லிகிராம்தானே? ஒண்ணே ஒண்ணு கொண்டுவந்து குடேன்."

"முடியாது பாட்டி."

"ஏன்?"

"கூடாது. இது மருந்து இல்லை. ப்ராஜெக்ட்."

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. காபி டம்ளர் 'டொக்'கென்று வைக்கப்பட்டது. 'ஊர்ல இருக்கற எலிக்கெல்லாம் குடுப்பான், தாத்தாவுக்குக் குடுக்க மாட்டான்' என்று பெருமாளிடம் புகார் போயிற்று. நியாயம் யார் பக்கம் என்று நானே தடுமாறினேன். ஒரு பக்கம், தினம் மூன்று வேளை புருஷன் மூச்சடைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள். இன்னொரு பக்கம், அதைப் பார்த்தே இந்த ப்ராஜெக்டை எடுத்த பையன்.

அவன் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். "மாமா, தட்டோட குறுக்களவு 9 சென்டிமீட்டர். பரப்பு 63.6 சதுர சென்டிமீட்டர். ஒரு துண்டு ரெண்டுக்கு ரெண்டு, நாலு சதுர சென்டிமீட்டர். ஒரு துண்டுல 5 மில்லிகிராம் வரணும்னா தட்டு முழுக்க 79.5 மில்லிகிராம் மருந்து போடணும். போட்டேன். ஆனா தட்டு ஒரு நூல் சாய்ஞ்சிருந்தா? ஓரத்துல திரவம் கொஞ்சம் ஏறி நிக்குமே, அங்க படம் தடிமன். நடுவுல மெல்லிசு. வெட்டினா எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். ஒண்ணுல நாலு இருக்கும், ஒண்ணுல ஆறு இருக்கும். ஃபார்மகோபியா கணக்குல 85 சதவீதத்துலேர்ந்து 115-க்குள்ள நிக்கணும். அதாவது நாலே காலுக்கும் அஞ்சே முக்காலுக்கும் நடுவுல. என்னோடது பத்துல மூணு வெளிய போயிடுத்து. அந்த மூணுல ஒண்ணை நான் தாத்தாவுக்குக் குடுத்தா?"

கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். "அன்னிக்கு ராத்திரி 58 பார்த்தேன் மாமா. மறக்கலை."

அப்புறம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

சமாதானம் வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. சாயங்காலம் பெரியம்மா புது இலை வடாமில் நாலு பொரித்துத் தட்டில் போட்டுக் கொடுத்தாள். முதல் வடாம் தேவாமிர்தம். இரண்டாவது உப்புக் கரித்தது.

"என்ன பெரியம்மா, இது ஒண்ணுல மட்டும் உப்பு தூக்கலா இருக்கே?"

வாங்கி ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். முகம் மாறியது. "அடி மாவு. உப்பு சரியாக் கலக்கலை போலிருக்கு. கடைசியா வழிச்ச அஞ்சாறு இலை இப்படித்தான் இருக்கும்."

"எந்த அஞ்சாறுன்னு தெரியுமா பாட்டி?" என்றான் பேரன் வாசலிலிருந்து, ரொம்ப மெதுவாக.

பெரியம்மா கூடத்தில் காய்ந்துகொண்டிருந்த வடாம்களைப் பார்த்தாள். சுமார் இருநூறு இருக்கும். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே வட்டம். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வடாம்ல உப்பு தூக்கலானா ஒரு வாய்த் தண்ணியோட போச்சு" என்றாள். மீதியைச் சொல்லவில்லை. உள்ளே போய் அவனுக்கும் காபி கலந்துகொண்டு வந்தாள். டம்ளர் சத்தமில்லாமல் வைக்கப்பட்டது.

இப்போதைக்குப் பெரியப்பாவுக்கு டாக்டர் மருந்துகளை மாற்றி எழுதியிருக்கிறார். இரண்டு திரவம், இரண்டு வேறு மாத்திரை, தேவையில்லாதது ஒன்று கட். நுணுக்கலாம் என்று அவர் டிக் அடித்துக் கொடுத்தவை மட்டும்தான் கல்வத்துக்குப் போகின்றன. அந்தச் சீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. தாடையைக் கீழே சாய்த்துக்கொண்டு விழுங்கும்படி ஒரு தெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பத்துக்கு ஏழு தடவை பெரியப்பா ஜெயிக்கிறார்.

பேரனின் ஃபிலிம் அவர் நாக்கில் என்றைக்காவது வருமா? ப்ராஜெக்ட் முடிந்தால் டிகிரி வரும். அதற்கப்புறம் ஒரு கம்பெனி எடுக்க வேண்டும், பரிசோதனைகள் நடக்க வேண்டும், அரசாங்கம் அனுமதிக்க வேண்டும், விலை கட்டுப்படியாக வேண்டும். வருஷக்கணக்கு. இப்போதைக்கு அது பூசலார் கட்டிய கோயில் மாதிரி. செங்கல் செங்கல்லாக மனசுக்குள் எழும்பி நிற்கிறது. ஒரே வித்தியாசம், மருந்து விஷயத்தில் மனசுக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் பண்ணிவிட முடியாது. கல்லில் கட்டி, ஒவ்வொரு கல்லையும் எடை போட்டுக் காட்டினால்தான் ஆயிற்று.

கிளம்பும்போது பெரியம்மா எனக்கு ஒரு பொட்டலம் இலை வடாம் கொடுத்தாள். பிளாஸ்டிக் கவர், அதற்கு மேல் இன்னொரு கவர், இறுக்கமாக ரப்பர் பேண்ட்.

"காத்துப் படாம வை. நமுத்துப் போயிடும்."

"அலுமினியம் ஃபாயில்ல சுத்தணும் பாட்டி" என்றான் பேரன்.

கூடத்தில் துணியின் ஒரு ஓரத்தில் மட்டும், தனியாக, நாலு வடாம் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். மற்றதோடு ஒட்டாமல் சுற்றிலும் இடம் விட்டு. "அது என்ன ஸ்பெஷல்?" என்றேன்.

"அவருக்கு. உப்பே போடாம தனியா அரைச்சது. பொரிச்சு, தூளாக்கி, மோர்க்கஞ்சியில ஊறவெச்சா நன்னா இறங்கறது" என்றாள் பெரியம்மா. "கலந்துடப்போறதேன்னுதான் தள்ளிப் போட்டிருக்கேன்."